கேரவன் பயணத்தோடு சொந்தப் படகும் வைத்துக்கொள்வது நடைமுறைக்கு ஒத்துவருமா?

ஏரிக்கரைப் பயணி:

வணக்கம். பணி ஓய்வுக்குப் பிறகு நானும் என் மனைவியும் 3 ஆண்டுகளாகக் கேரவனில் பயணம் செய்துவருகிறோம். பிக்கப் வண்டி முன்னால் இழுக்க, கேரவன் பின்னால் வருகிறது. பெரும்பாலும் ஏரிகளையும் ஆறுகளையும் ஒட்டிய முகாம்களில்தான் தங்குவோம். ஓரிடத்தில் 4 நாள் முதல் 10 நாள் வரை இருப்போம். இத்தனை நீர்நிலைகளின் கரையில் தங்கியும் நீருக்குள் போக வழியில்லையே என்பது எங்கள் இருவருக்கும் தீராத குறையாக இருக்கிறது. வாடகைப் படகு கிடைத்த இடங்களில் எடுத்துப் பார்த்தோம். ஆனால் காற்று எழாத விடியற்காலையில் நாங்கள் புறப்பட நினைக்கும்போது வாடகைக்கு விடுபவர்கள் வந்திருப்பதில்லை.

ஆகவே சொந்தமாக ஒரு படகு வாங்க எண்ணுகிறோம். மூன்று வழிகள் தோன்றுகின்றன. 12 அடி அலுமினியப் படகு ஒன்றை அதற்கான டிரெய்லரோடு வாங்கி, கேரவனுக்குப் பின்னால் இன்னொரு இணைப்பாக மாட்டிக்கொள்ளலாம். அல்லது கேரவனின் பின்சுவரில் தாங்கி பொருத்தி இரண்டு கயாக்குகளை (துடுப்பால் செலுத்தும் ஒடுக்கமான சிறு படகுகளை) நிறுத்திக் கட்டலாம். அல்லது காற்றடைக்கும் படகு ஒன்றை வாங்கிப் பிக்கப்பின் பின்தட்டில் போட்டுக்கொள்ளலாம். என் மனைவிக்குத் தோளில் அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. கனமான எதையும் தோள் உயரத்துக்கு மேல் அவரால் தூக்க முடியாது. கேரவனோடு படகும் வைத்திருந்து பழகியவர்களிடம் நான் அறிய விரும்புவது, எந்தப் படகு உண்மையில் அடிக்கடி நீரில் இறங்கியது, எது வெறும் சுமையாக ஊர் ஊராக வந்தது என்பதைத்தான்.

சக்கரவீடு:

வணக்கம் ஐயா. நீங்கள் சொன்ன முதல் வழியில் நான் இரண்டு கோடைகள் போயிருக்கிறேன். என் அனுபவத்தில் அதை முதலிலேயே விலக்கிவிடுவது நல்லது.

கேரவனுக்குப் பின்னால் படகு டிரெய்லரையும் மாட்டி இழுப்பதற்கு எல்லா இடங்களிலும் சட்டம் இடம் தருவதில்லை. அமெரிக்காவில் மட்டுமே எடுத்துக்கொண்டாலும், அதை அனுமதிக்கும் மாநிலங்களும் உண்டு, முற்றிலும் தடுக்கும் மாநிலங்களும் உண்டு. அனுமதிக்கும் மாநிலங்களிலும் மொத்த நீளத்துக்கு வரம்பு உண்டு. எல்லை கடந்தவுடன் விதி மாறுகிறது என்றால், பயணத் திட்டத்தைப் போட வேண்டியவர் நீங்களா, படகா என்ற கேள்வி எழுகிறது. சட்டம் அனுமதித்தாலும், இரண்டு இணைப்புகள் கொண்ட தொடரைப் பின்னோக்கி நகர்த்துவது ஏறத்தாழ இயலாத காரியம். முட்டுச்சந்தாக முடியும் ஒரு முகாம் பாதையில் மாட்டிக்கொண்டு, மழையில் இரண்டு இணைப்புகளையும் கழற்றி, ஒவ்வொன்றாகத் திருப்பி மறுபடி மாட்ட வேண்டிய நிலை எங்களுக்கு வந்தது. அன்று ஒன்றரை மணி நேரம் போனது. அந்த இரண்டு கோடைகளில் எங்கள் படகு நீரில் இறங்கியது ஆறே ஆறு முறை.

படகு டிரெய்லருக்கென்றே சில கவலைகளும் உண்டு. நெடுஞ்சாலையில் ஓடிவந்த சூட்டோடு சக்கரங்களைக் குளிர்ந்த நீரில் இறக்கினால், பேரிங் கூட்டுக்குள் இருக்கும் காற்று சட்டெனச் சுருங்கி, கசியும் அடைப்பின் வழியே நீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். கிரீஸ் கெட்டு, அடுத்த நீண்ட ஓட்டத்தில் பேரிங் எரிந்துபோகும். சக்கரக் குடம் ஆறும்வரை, படகை நீரில் இறக்கும் சாய்தளத்துக்கு வெளியே காத்திருக்க வேண்டும் என்பது எனக்குச் செலவோடு வந்த பாடம்.

இரண்டாவது வழியில் எடைக் கணக்கைப் பார்க்காமல் இறங்காதீர்கள். கேரவன் சாலையில் நேராக ஓடுவதற்கு, அதன் எடையில் ஒரு பங்கு, பிக்கப்பின் பின்னால் கேரவனை மாட்டும் இணைப்புக் குமிழின் மேல் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். வட அமெரிக்க வண்டிகளில் இது மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு என்றும், ஐரோப்பியக் கேரவன்களில் 5 முதல் 7 விழுக்காடு என்றும் பொதுவாகக் கொள்வார்கள். பின்சுவரில் எதைத் தொங்கவிட்டாலும் அது சக்கர அச்சை ஆதாரமாகக் கொண்ட சீசா பலகை போல முன்பக்கத்தைத் தூக்கும். அச்சிலிருந்து குமிழ் 5 மீட்டர் முன்னாலும் தாங்கி 4 மீட்டர் பின்னாலும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தாங்கியும் இரண்டு கயாக்குகளும் சேர்ந்து 70 கிலோ என்றால், குமிழின் மேலுள்ள அழுத்தம் 56 கிலோ குறைந்துவிடும். அதற்குமேல் பெரிய லாரி ஒன்று பக்கத்தில் கடந்துபோகும்போது வரும் காற்றில் கேரவன் வாலாட்டத் தொடங்கும். அந்த ஆட்டம் ஒருமுறை வலுத்துவிட்டால் அடக்குவது மிகக் கடினம். கேரவனின் பின்சுவர் அத்தகைய சுமைக்காகக் கட்டப்பட்டிருக்கிறதா என்பதையும் தயாரிப்பாளரின் கையேட்டில் பார்த்துவிடுங்கள். பல வண்டிகளில் பின்னால் இருக்கும் ஏணியும் மோதுதண்டும் அதற்கானவை அல்ல.

கடினக் கயாக்தான் வேண்டும் என்றால், பிக்கப்பின் பின்தட்டுக்கு மேல் சட்டம் அமைத்து அதில் வையுங்கள். குறுக்கே இரண்டு பட்டைகள் மட்டும் போதாது. முன்முனையிலிருந்தும் பின்முனையிலிருந்தும் தனித்தனிக் கயிறு இறங்கி வண்டியில் கட்டப்பட வேண்டும். ஏற்றிய பிறகு மொத்த உயரத்தை அளந்து, ஓட்டுநர் கண்ணில் படும் இடத்தில் எழுதி ஒட்டுங்கள்.

எந்த வழியானாலும், வாங்குவதற்கு முன் தண்ணீரும் எரிவாயுவும் சாமான்களும் நிரம்பிய நிலையில் முழு வண்டியையும் எடைமேடையில் ஏற்றிப் பார்த்துவிடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. தொட்டியில் 150 லிட்டர் இருந்தால் அதுவே இரண்டு பேரின் எடை. எத்தனை கிலோ மிச்சமிருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் படகைப் பற்றிப் பேசுவதில் பொருள் உண்டு.

துடுப்பு:

வணக்கம். நான் 6 ஆண்டுகளாகக் காற்றடைக்கும் கயாக் வைத்திருக்கும் பெண். பெரும்பாலும் தனியாகவே பயணம் செய்பவள் என்பதால் தூக்குவது, மடிப்பது, உலர்த்துவது எல்லாம் என் கையால்தான் நடக்கின்றன. உங்கள் மனைவியின் நிலையை வைத்துப் பார்த்தால் மூன்றாவது வழியே சரி என்று தயக்கமின்றிச் சொல்வேன்.

காற்றடைக்கும் படகு என்றதும் குழந்தைகளின் குளியல் மிதவை நினைவுக்கு வரலாம். இப்போது வரும் நல்ல வகைகளில் தரைப்பகுதி இரட்டை அடுக்காக, மேல் துணியும் கீழ்த் துணியும் ஆயிரக்கணக்கான நூல்களால் உள்ளுக்குள் பிணைக்கப்பட்டிருக்கும். அதனால் சதுர அங்குலத்துக்கு 8 முதல் 10 பவுண்டு வரை அழுத்தம் ஏற்றினாலும் அது உப்பாமல் பலகைபோல் தட்டையாக விறைத்து நிற்கும். நேராகச் செல்லும், அலையில் மடங்காது. இருவர் அமரும் கயாக் ஏறத்தாழ 15 முதல் 20 கிலோ இருக்கும். நீருக்குப் பக்கத்திலேயே விரித்துக் காற்றடைத்தால் எங்கும் தலைக்கு மேல் தூக்க வேண்டியதில்லை. இருவரும் ஆளுக்கொரு முனையை இடுப்பளவில் பிடித்தால் போதும். கைப்பம்பு அடிப்பதுகூடத் தோளுக்கு வேலைதான் என்பதால், வண்டி மின்சாரத்தில் ஓடும் 12 வோல்ட் பம்பு ஒன்றைச் சேர்த்தே வாங்குங்கள்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். காற்று வீசினால் இது கடினக் கயாக்கைவிட எளிதில் தள்ளப்படும், ஏனென்றால் நீருக்கு மேல் அதிகமாகவும் நீருக்குள் குறைவாகவும் இருக்கும் படகு இது. வெயிலில் கரையேற்றி வைத்தால் உள்ளே காற்று விரிந்து அழுத்தம் ஏறும். சாப்பிடப் போகும்போது கொஞ்சம் காற்றை விட்டுவிட்டுப் போக வேண்டும். எல்லாவற்றையும்விடப் பெரிய வேலை உலர்த்துவது. தையல் ஓரங்களிலும் இருக்கைப் பைகளிலும் தங்கும் ஈரம் துண்டால் துடைத்துப் போவதில்லை. ஈரத்தோடு மடித்து மூட்டை கட்டினால் ஒரு வாரத்தில் பூஞ்சை வாடை கேரவன் முழுக்கப் பரவிவிடும்.

மடிப்புப் படகுகளையும் ஒருமுறை பாருங்கள். பயணிகளுக்கான மடிப்புக் கயாக்கின் கதை எனக்கு மிகவும் பிடித்த செய்தி. ஜெர்மனியில் ஆல்ஃபிரட் ஹோய்ரிக் என்ற கட்டடக்கலை மாணவர் 1905-இல், சட்டத்தைப் பிரித்துத் துணியைச் சுருட்டி எடுத்துச்செல்லக்கூடிய ஒரு கயாக்கைச் செய்தார். அதைத் தயாரிக்கும் உரிமையை 1907-இல் யோஹான் கிளெப்பர் என்ற தையற்கலைஞர் வாங்கித் தயாரிக்கத் தொடங்கினார். ரயிலில் மூட்டையாக ஏற்றிச்சென்று ஆற்றங்கரை நிலையத்தில் இறங்கி, அங்கேயே பூட்டி நீரில் விடுவதற்காகவே மக்கள் அதை வாங்கினார்கள். அவ்வகைப் படகு ஒன்றில்தான் ஹான்னஸ் லிண்டமான் என்ற மருத்துவர் 1956-இல் அட்லாண்டிக் பெருங்கடலைத் தனியாக 72 நாட்களில் கடந்தார். மடிப்பதால் படகு பலவீனமாகிவிடாது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். இன்றைக்குப் பிளாஸ்டிக் தகட்டை மடித்துச் செய்யும் கயாக்குகளும் கிடைக்கின்றன. தகடு சீக்கிரம் உலர்ந்துவிடும் என்பது அவற்றின் பெரிய நன்மை.

ஏரிக்கரைப் பயணி:

இருவருக்கும் மிக்க நன்றி. வாலாட்டக் கணக்கைப் பார்த்த பிறகு பின்சுவர் எண்ணத்தைக் கைவிட்டுவிட்டேன். துடுப்பு அம்மா சொல்வதுபோல் காற்றடைக்கும் வகைக்கே போகலாம் என்று தோன்றுகிறது. ஆனால் எதிர்காற்றில் திரும்பி வர நேர்ந்தால் மனைவியால் நீண்ட நேரம் துடுப்பு போட முடியாது. அப்படியானால் ஒரு சிறிய மோட்டார் வேண்டியிருக்குமல்லவா? கேரவனின் பேட்டரியையே அதற்குப் பயன்படுத்தலாமா, அல்லது பெட்ரோல் மோட்டார்தான் நம்பகமானதா?

மின்கலம்:

பெட்ரோல் மோட்டாரைப் பொறுத்தவரை எனக்கு ஒரே ஒரு கவலைதான், ஆனால் அது பெரிய கவலை. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு படர்ந்து தாழ்வான இடத்தில் தேங்கும். கேரவனில் எரிவாயுக் குளிர்சாதனப் பெட்டி, நீர்ச்சூடேற்றி, அடுப்பு என்று எங்காவது ஒரு சுடர் எரிந்துகொண்டிருக்கும். பெட்ரோல் கலனையோ, தொட்டியில் மிச்சம் உள்ள மோட்டாரையோ கேரவனுக்குள்ளும் அதன் சாமான் அறைகளிலும் ஒருபோதும் வைக்கக் கூடாது. திறந்த பின்தட்டில், நிமிர்த்திக் கட்டி வையுங்கள். இதற்கு இடமில்லை என்றால் பெட்ரோலை மறந்துவிடுங்கள். தவிரவும், குடிநீருக்கான பல ஏரிகளில் மின்மோட்டாரை மட்டுமே அனுமதிக்கிறார்கள்.

மின்மோட்டாருக்கு வருகிறேன். 55 பவுண்டு உந்துவிசை கொண்ட 12 வோல்ட் மோட்டார் முழு வேகத்தில் சுமார் 50 ஆம்பியர் இழுக்கும். 100 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி ஒன்று இருந்தால் முழு வேகத்தில் 2 மணி நேரம் போகும். வேகத்தைப் பாதியாக்கினால் மின்செலவு பாதியாக அல்ல, அதைவிட மிகக் கூடுதலாகக் குறையும். மெல்ல நகரச் சம்மதிப்பவர்களுக்கு ஒரு காலைப்பொழுது முழுக்கத் தாராளமாக வரும். அந்த லித்தியம் பேட்டரி 11 முதல் 14 கிலோ. அதே அளவுள்ள ஈய-அமிலப் பேட்டரி அதைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு கனம், அதிலும் பாதிக்கு மேல் வடிக்கக் கூடாது. உங்களுக்குக் காற்றடைக்கும் கயாக் போதும் என்றால், இதைவிடச் சிறிய மோட்டாரும் 50 ஆம்பியர்-மணி பேட்டரியும் போதுமானவை.

கேரவனின் வீட்டுப் பேட்டரியையே கழற்றிக்கொண்டு போகலாமா என்று கேட்டீர்கள். செய்ய முடியும், ஆனால் நான் பரிந்துரைக்க மாட்டேன். தினமும் கழற்றி மாட்டும் இணைப்பில் ஒரு நாள் திருகு தளர்ந்து சூடேறும். படகில் போகும்போது கேரவனில் குளிர்சாதனப் பெட்டியும் விளக்கும் நின்றுபோகும். படகுக்குத் தனியாக ஒரு சிறிய பேட்டரி வைத்துக்கொண்டு, கேரவன் கூரையிலுள்ள சூரியத் தகட்டிலிருந்து அதை நிரப்புவதே சீர். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: லித்தியம் பேட்டரியை உறைநிலைக்குக் கீழான குளிரில் சார்ஜ் செய்தால் அது நிரந்தரமாகக் கெடும். பின்பனிக் காலத்தில் வெளியே வைத்திருந்த பேட்டரியை உள்ளே கொண்டுவந்து, அதன் குளிர் நீங்கிய பிறகு சார்ஜ் செய்யுங்கள்.

மோட்டார் பொருத்தினால் பல இடங்களில் அது பதிவு செய்ய வேண்டிய படகாகிவிடும். துடுப்புப் படகுக்கு இல்லாத விதிகள் மின்மோட்டாருக்கும் பொருந்தலாம்.

துடுப்பு:

மோட்டாரை நம்பிக் கரையிலிருந்து வெகுதூரம் போய்விடாதீர்கள் என்று மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். காற்றடைத்த படகில் ஏரிக்குப் போகிறவருக்கு மிகவும் ஆபத்தானது, கரையிலிருந்து ஏரிக்குள் வீசும் காற்று. கரையோரம் மரங்களின் மறைவில் நீர் கண்ணாடிபோல் இருக்கும். நூறு மீட்டர் உள்ளே போனதும் காற்று முதுகில் ஏந்திக்கொண்டு போகும். திரும்பும்போதுதான் அதன் வலிமை தெரியும். நான் எப்போதும் முதலில் காற்றை எதிர்த்துப் போய், களைப்பாக இருக்கும் திரும்பு வழியில் காற்று உதவும்படி வைத்துக்கொள்வேன்.

மலை ஏரிகளில் நடுக்கோடையிலும் நீர் குளிராகவே இருக்கும். நீர் நம் உடலின் வெப்பத்தைக் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக எடுத்துக்கொள்கிறது. ஆனால் குளிர்நீரில் தவறி விழுபவர்களை முதலில் தாக்குவது உடல் விறைப்பதல்ல. விழுந்த முதல் நிமிடத்தில் மூச்சு தன்னால் திணறி இழுத்துக்கொள்ளும். அந்த இழுப்பில் வாய் நீருக்குள் இருந்தால் அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஏறத்தாழ 10 நிமிடங்கள்தான் கைவிரல்கள் சொன்னபடி கேட்கும். ஆகவே உயிர்காப்பு அங்கியைப் படகில் வைத்திருப்பதில் பயனில்லை, உடம்பில் அணிந்திருக்க வேண்டும். தோள் அறுவை ஆனவர் நீரிலிருந்து மீண்டும் படகில் ஏறுவது எப்படி என்பதையும், வெதுவெதுப்பான, ஆழமில்லாத நீரில் இருவரும் முன்கூட்டியே பழகிப் பாருங்கள். படகின் பக்கத்தில் ஒரு நாடா வளையத்தைக் கட்டித் தொங்கவிட்டு அதில் காலை ஊன்றி ஏறினால் தோளுக்கு வேலை குறையும்.

தெளிநீர்:

எல்லாரும் வண்டியையும் படகையும் பற்றி எழுதிவிட்டீர்கள். நான் நீரைப் பற்றி எழுத வேண்டும். ஒரே ஏரியில் படகு வைத்திருப்பவரைவிட, வாரத்துக்கு ஓர் ஏரி என்று போகும் நம்மைப் போன்றவர்கள்தான் நீர்நிலைகளுக்குக் கூடுதல் தீங்கு செய்யக்கூடியவர்கள்.

கருங்கடல், காஸ்பியன் கடல் வட்டாரத்தைச் சேர்ந்த வரிக்குதிரைச் சிப்பி, கப்பல்கள் சமநிலைக்காக ஏற்றிவரும் நீரோடு வந்து 1988-இல் வட அமெரிக்கப் பேரேரிகளின் நடுவிலுள்ள செயின்ட் கிளேர் ஏரியில் கண்டறியப்பட்டது. விரல்நகம் அளவே உள்ள அந்தச் சிப்பி நீர்க்குழாய்களை அடைத்தது, ஏரியின் நுண்ணுயிர் உணவை வடிகட்டித் தின்றது, உள்ளூர்ச் சிப்பிகளின் மேலேயே ஒட்டி அவற்றை அழித்தது. அதன் இனமான குவாகா சிப்பி, 2007 ஜனவரியில் நெவாடா, அரிசோனா எல்லையிலுள்ள மீட் ஏரியில் காணப்பட்டது. பேரேரிகளுக்கும் மீட் ஏரிக்கும் நடுவே நீர்வழி கிடையாது. டிரெய்லரில் ஏறி, நெடுஞ்சாலை வழியே வந்த படகுகள்தாம் இத்தகைய பரவலுக்குக் காரணம் என்று கருதுகிறார்கள். 2024 அக்டோபரில், இதேபோல் தீங்கு செய்யும் பொன்னிறச் சிப்பி கலிஃபோர்னியாவின் ஸ்டாக்டன் துறைமுகத்தில் கண்டறியப்பட்டது. வட அமெரிக்காவில் அதுவே முதல்முறை. அதன்பின் அம்மாநிலத்தின் சில நீர்த்தேக்கங்களில், வெளியிலிருந்து வரும் படகைப் பரிசோதித்து முத்திரையிட்டு 30 நாட்கள் காத்திருக்கச் செய்யும் நடைமுறை வந்தது. ஓரிடத்தில் ஒரு வாரம் தங்கும் பயணிக்கு 30 நாள் காத்திருப்பு என்பது படகே இல்லாததற்குச் சமம். கையால் தூக்கும் துடுப்புப் படகுகளுக்குப் பல இடங்களில் விதி இலகுவாக இருக்கிறது என்பது, நீங்கள் சிறிய படகைத் தேர்வதற்கு இன்னொரு நியாயம்.

இந்தச் சிப்பிகளின் இளம்பருவம் கண்ணுக்கே தெரியாது. படகின் அடியில் தேங்கிய ஒரு குவளை நீரில் அவை உயிரோடு அடுத்த ஏரிக்கு வந்துவிடும். எனவே நீரைவிட்டு வெளியேறிய இடத்திலேயே செடித்துணுக்கு, சேறு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, கடைசிச் சொட்டுவரை வடித்துவிட்டு, முழுக்க உலரவிட வேண்டும். வறண்ட வெயிலில் 5 நாட்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் அளவு. ஈரமும் குளிருமான பருவத்தில் அது போதாது. காத்திருக்க நாளில்லை என்றால் 60 டிகிரி செல்சியஸ் வெந்நீரால் கழுவலாம், ஆனால் அந்தச் சூட்டைக் காற்றடைக்கும் படகின் ஒட்டுகள் தாங்குமா என்பதைத் தயாரிப்பாளரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். துடுப்பு, கயிறு, நீரில் நடந்த செருப்பு, உயிர்காப்பு அங்கி ஆகியவையும் இந்தக் கணக்கில் சேரும். பலரும் படகைப் பளபளப்பாகக் கழுவிவிட்டு, ஈரச் செருப்போடு அடுத்த ஏரியில் இறங்குவதைப் பார்த்திருக்கிறேன்; அது எனக்கு உண்மையில் வலிக்கிறது.

ஏரிக்கரைப் பயணி:

தெளிநீர் எழுதியதை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். எங்கள் செருப்புகளைப் பற்றி நாங்கள் இதுவரை நினைத்ததே இல்லை. முடிவு இதுதான்: வரும் வாரம் எடைமேடை; பிறகு இருவர் அமரும் காற்றடைக்கும் கயாக்; முதல் பருவத்தில் மோட்டார் வேண்டாம், கரையை ஒட்டியே போகிறோம். ஒரே ஒரு ஐயம். முகாமைக் காலி செய்யும் நாளில் படகு ஈரமாக இருந்தால் என்ன செய்வீர்கள்?

துடுப்பு:

முகாமின் கடைசி முழு நாளில் நான் படகை இறக்குவதே இல்லை. அதற்கு முந்தைய நாள் மாலையில் கரையேற்றி, அந்த இடத்திலேயே துடைத்து வடித்து, மறுநாள் முழுக்க இரண்டு மரங்களுக்கு நடுவே கயிற்றில் தலைகீழாகத் தொங்கவிடுவேன். இருக்கைகளைக் கழற்றித் தனியாக வெயிலில் வைப்பேன். மழை வந்து அதுவும் முடியாமல் போனால், மூட்டையாகக் கட்டாமல் பின்தட்டில் தளர்வாக விரித்து எடுத்துப்போய், அடுத்த முகாமில் முதல் நாளிலேயே மீண்டும் காற்றடைத்து நிறுத்திவைப்பேன். தெளிநீர் சொன்ன 5 நாட்கள் முடியும்வரை அது அங்கே நீரில் இறங்காது; அந்த நாட்களில் நான் கரையோரமாக நடக்கப் போவேன்.